கைத்தொழில் பாடம்: அலுமாரி பூட்டும்போது ஸ்குரூவை அறிவோம்



தீபாவளி முற்பணத்தையும் சீட்டுக் காசையும் சேர்த்து ஓர் அலுமாரி வாங்குகிறோம். அது பலகை பலகையாக வருகிறது. கூடவே ஒரு சிறு பையில் ஸ்குரூ. லயத்துக்குத் தூக்கி வந்து அன்றிரவே அவசரமாகப் பூட்டிவிடுகிறோம். சில மாதத்தில் கதவு தொங்குகிறது, அலுமாரி ஒரு பக்கம் சாய்கிறது. அதன் பக்கத்தில்தான் பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கிறார்கள். "சாமான் மட்டம்" என்று கடைக்காரரை ஏசுகிறோம். ஆனால் பல வீடுகளில் நாம் கண்டது வேறு. பலகை நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்குரூ போன வழிதான் கெட்டிருக்கிறது.

இந்த ஸ்குரூ என்ன செய்கிறது?

இதற்கு நட்டு கிடையாது. பலகைக்குள் இறங்கும்போது தனக்கு வேண்டிய புரியைத் தானே வெட்டிக்கொள்ளும். "அதுதான் தானா போகுமே, ஓட்டை எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அது வெட்டுவது புரியை மட்டும்தான். ஓட்டையை நாம்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் பலகை வெடிக்கும், அல்லது ஸ்குரூவின் தலை தேய்ந்து போகும்.

செய்யும் முறை

1. ட்ரில் ஊசியை ஸ்குரூவுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். ஸ்குரூவின் நடுத்தண்டு மறைய வேண்டும். புரி இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். 4 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு 2.5 முதல் 3 மில்லிமீற்றர் ஓட்டை போதும். கடையிலேயே ஓட்டை போட்டிருந்தால் அதைப் பெருப்பிக்க வேண்டாம்.

2. புரியில் கொஞ்சம் மெழுகுதிரி தேயுங்கள். சவர்க்காரம் வேண்டாம், அது ஈரத்தை இழுத்து ஸ்குரூவைத் துருப்பிடிக்க வைக்கும். நமது மலைநாட்டுக் குளிருக்கு இது முக்கியம்.

3. தலைக்குச் சரியான ஸ்குரூ டிரைவரை நேராகப் பிடித்து, நன்றாக அமுக்கித் திருப்புங்கள். அமுக்காமல் திருப்பினால் தலைதான் தேயும்.

4. முதலில் எல்லா ஸ்குரூவையும் முக்கால்வாசி மட்டும் இறக்குங்கள். ஒரு நூலால் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். அதன் பிறகே இறுக்குங்கள்.

5. தலை பலகையைத் தொட்டதும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இன்னும் முறுக்கினால் சிப்போட் பலகைக்குள் வெட்டிய புரி தூளாகிவிடும். பிறகு ஸ்குரூ சும்மா சுற்றும். கையால் முறுக்குவதன் நன்மை இதுதான்: எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்குத் தெரியும்.

வீடு மாறும்போது

லயத்திலிருந்து புது வீட்டுக்குப் போகும்போது அலுமாரியைக் கழற்றுகிறோம். திரும்பப் பூட்டும்போதுதான் பெரிய சேதம் நடக்கிறது. ஸ்குரூவைப் பழைய ஓட்டையில் வைத்ததும் வலப்பக்கம் முறுக்காதீர்கள். முதலில் மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று சின்னதாக இறங்கும். அதுதான் பழைய புரியின் வாசல். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் விரலாலேயே போகும். அப்படிச் செய்யாவிட்டால் அது புதுப் புரி வெட்டிப் பழையதை அழித்துவிடும்.

ஏற்கெனவே ஓட்டை பெருத்துவிட்டதா? மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து அதில் இறுக்கமாக அடையுங்கள். ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு, சிறு ஓட்டை போட்டு மீண்டும் பூட்டுங்கள்.

பாடுபட்டு வாங்கிய பொருள். அரைமணி நேரம் கூடப் போனாலும் பரவாயில்லை, நிதானமாகப் பூட்டுவோம். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வோம், பார்த்துப் பழகட்டும்.