மலை வீட்டு ரவுட்டருக்கு

ரவுட்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது பாதியில் மின்சாரம் போனால் கருவியே முடங்கிவிடக்கூடும். காற்று மழையில் மரம் சாய்ந்து மின்தடை வரும் கொடைக்கானலில், வானம் தெளிந்த நாளில், யுபிஎஸ் துணையோடு, லேன் கேபிள் வழியாகச் செய்வதே நல்லது. ஃபர்ம்வேர் கோப்பை ரவுட்டர் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். மாடல் எண்ணோடு வன்பொருள் பதிப்பும் பொருந்த வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் 2017இல் வெளிப்பட்ட ‘கிராக்’ என்னும் டபிள்யூபிஏ2 வைஃபை பாதுகாப்பு ஓட்டையை அடைக்க இத்தகைய புதுப்பிப்புகளும் தேவைப்பட்டன.

வைஃபை பாதுகாப்பு முறைக்கு டபிள்யூபிஏ3. பழைய கைபேசி இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ். கருவிகளை எளிதில் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடலாம். ரவுட்டருடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும்.

ஹோம்ஸ்டே நடத்துவோர் தங்க வருபவர்களுக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க் தருவது அவசியம். இல்லையேல் வீட்டுக் கணினியும் சிசிடிவியும் அவர்களோடு ஒரே வலையில் இருக்கும். சீசன் முடிந்ததும் கெஸ்ட் நெட்வொர்க்கின் கடவுச்சொல்லையும் மாற்றலாம்.