பிடித்த பணம் உங்கள் பணமல்ல

கேள்வி: காரிமங்கலம் பக்கம் நானும் மைத்துனரும் கூட்டாக மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். சீசனில் 22 பேர் வேலை பார்த்தார்கள், இப்போது 17 பேர். ஏப்ரல் முதல் சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தோம், கட்டவில்லை. கூழ் வாங்கிய பார்ட்டி பணம் தராமல் இழுத்தடிக்கிறார். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதற்குள் கட்டினால் போதும் என்கிறார் எங்கள் கணக்கு எழுதுபவர். மருத்துவச் செலவுக்காக பி.எஃப். முன்பணம் கேட்கப் போன தொழிலாளி ஒருவர் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, புகார் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார். ஆள் கணக்கு 20-க்குக் கீழே வந்துவிட்டதால் பி.எஃப்பை நிறுத்திவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: நிறுத்த முடியாது. 20 பேர் இருந்து ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம், பிறகு ஆள் குறைந்தாலும் உள்ளேதான் இருக்கும். 10 பேர் என்ற வரம்பு உள்ள இ.எஸ்.ஐ.க்கும் இதே விதி. இந்தக் கேள்விக்கு இவ்வளவு போதும்.

மாங்காய் விலை விழுந்ததையும் மைத்துனரோடு உள்ள மனத்தாங்கலையும் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் வழக்கைத் தீர்மானிப்பது ஒரே ஒரு வரி: “பிடித்தோம், கட்டவில்லை.” முதலாளி தன் பங்கைக் கட்டாவிட்டால் அது பாக்கி. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாவிட்டால் அது நம்பிக்கை மோசடி. அந்தப் பணம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணம் என்பது சட்டத்தின் பார்வை. பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆவது பிரிவின் விளக்கங்களில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டின் பெயரும் உள்ளது. தண்டனை ஐந்து ஆண்டுகள் வரை. பி.எஃப். சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, பிடித்துவிட்டுக் கட்டாதவருக்குக் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை, பத்தாயிரம் ரூபாய் அபராதம். பார்ட்டி பணம் தரவில்லை என்பது இதற்குப் பதிலாகாது. தொழிலாளி உங்கள் பார்ட்டிக்குக் கூழ் விற்கவில்லை.

அடுத்து, கணக்கு எழுதுபவர் சொன்னது. வருமான வரிக் கழிவுக்கு மட்டும், உங்கள் பங்கைப் பொறுத்தவரை அது சரி. தொழிலாளர் பங்குக்குத் தவறு. 2022 அக்டோபர் 12 அன்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முடித்துவைத்துவிட்டது. தொழிலாளர் பங்கை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருந்தால்தான் அதைச் செலவாகக் கழிக்கலாம். ஒரு நாள் தாமதமானாலும் அது உங்கள் வருமானமாகிவிடும், பிறகு கட்டினாலும் கழிவு திரும்பி வராது. அதற்கு முன் சில உயர் நீதிமன்றங்கள் முதலாளிகளுக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தன. உங்கள் கணக்கு எழுதுபவர் இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கிறார் போலும். தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனமென்றால், ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதியில் கட்டினீர்கள் என்பதை ஆடிட்டர் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும், மறைக்க வழியில்லை.

சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம் 1,440, இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம் 90. 22 பேருக்கு மாதம் 33,660 ரூபாய். கூட்டு நிறுவனத்துக்கான 31.2 சதவீத வரியில், இலாபம் இருக்கும் பட்சத்தில், தாமதித்த ஒவ்வொரு மாதமும் சுமார் 10,500 ரூபாய் கூடுதல் வரி. இதற்குமேல் பி.எஃப். பாக்கிக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. 2024 ஜூன் முதல் இழப்பீடாக மாதத்துக்கு 1 சதவீதம். கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தால்கூட, வழக்காவது இருந்திருக்காது.

இனி நான் கோபப்பட வேண்டிய இடம். மே 15-ஆம் தேதி முதல் தவணை தவறியபோது எழுதியிருக்க வேண்டியதை அக்டோபரில் எழுதுகிறீர்கள், அதுவும் தொழிலாளி மிரட்டிய பிறகு. சலான் நகல் இல்லை, சம்பளப் பட்டியல் இல்லை, கூட்டு ஒப்பந்தப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாமல், ஆலை நிர்வாகத்துக்கு யார் பொறுப்பு, நீங்களா மைத்துனரா இருவருமா என்று நான் எப்படிச் சொல்வது? குற்ற வழக்கு வந்தால் அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். பி.எஃப். அலுவலகத்திலிருந்து கடிதம் ஏதும் வந்ததா என்றுகூட எழுதவில்லை. விசாரணை அறிவிப்பு வந்திருந்தால் நான் சொல்லும் பாதி மாறும்.

இது 2025 அக்டோபர் முதல் வாரம். செப்டம்பர் சம்பளத்துக்கான தொகைக்கு 15-ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது. அதையாவது தவறவிடாதீர்கள். பழைய பாக்கிக்கு ஏப்ரலிலிருந்து வரிசையாகச் சலான் போடுங்கள். கட்டிவிட்டதால் குற்றம் தானாக மறைந்துவிடாது. ஆனால் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் நீதிமன்றத்தில் நிறைய வித்தியாசம் உண்டு. அந்தத் தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்துவதோ “புகார் இல்லை” என்று எழுதி வாங்குவதோ வேண்டவே வேண்டாம். அவருடைய கணக்கில் பணம் ஏறினால் முன்பணம் கேட்பதில் உள்ள சிக்கல் தீரும். இ.எஸ்.ஐ.யிலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சந்தாவை வைத்துத்தான் ஜனவரி முதல் ஜூன் வரையிலான நோய்க்காலப் பணப்பயன் கணக்கிடப்படும்.

லாரி வாடகை, மேஸ்திரி ஒப்பந்தம் இவற்றில் டி.டி.எஸ். பிடித்திருந்தால் ஜூலை-செப்டம்பர் காலாண்டு அறிக்கைக்கு அக்டோபர் 31 கடைசி. தாண்டினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். அரையாண்டுச் சம்பளம் 21,000-ஐத் தாண்டியவர்களுக்கான தொழில் வரியைப் பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ கட்டினீர்களா என்றும் பாருங்கள். டிசம்பர் 15 முன்வரித் தவணையைக் கணக்கிடும்போது, மேலே சொன்ன கூடுதல் வருமானத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆலை உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 45 நாளுக்கு மேல் பணம் தராத பார்ட்டியிடம் கூட்டு வட்டியோடு கேட்க 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது. அது தனி வழக்கு. அதில் பணம் வரும்வரை பி.எஃப். காத்திருக்காது.

கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான கருத்து இது. எந்த அலுவலகத்துக்கும் பதில் எழுதும் முன், தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரை நேரில் பாருங்கள். ஒப்பந்தப் பத்திரம், ஏப்ரல் முதலான சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுச் சான்று, வந்த கடிதங்கள் அனைத்தும் கையில் இருக்கட்டும். மைத்துனரையும் அழைத்துச் செல்லுங்கள்.