பழைய டர்போ ஸ்டேஷன் வேகன்: முன்பணம் தருமுன் அறிய வேண்டியவை

புனே நகரக் கிளை ஒன்றில் கடன் பிரிவில் பணியாற்றியபோது, வாடிக்கையாளர் ஒருவர் வைப்புத்தொகை ரசீதுடன் வந்தார். டெல்லியில் விற்பனைக்கு வந்திருந்த பதினான்கு ஆண்டுப் பழைய ஸ்கோடா ஆக்டேவியா காம்பி காரை இரண்டரை லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தார். தந்தையாரின் சக்கர நாற்காலியை மடித்து வைக்கவும், ஐவர் அமரவும் அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்பது அவர் எண்ணம். முறிக்க விரும்பிய வைப்புத்தொகையோ தந்தையாரின் மருத்துவச் செலவுக்கென ஒதுக்கப்பட்டது. அன்று அவருடன் பேசியவற்றைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன்.

வண்டியின் இயல்பு

செடான் காரின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி, பொருள் வைக்கும் இடத்தைப் பெருக்கினால் அது ஸ்டேஷன் வேகன். 1992இல் வந்த டாடா எஸ்டேட், 2004இல் வந்த இண்டிகோ மரீனா, மாருதி பலேனோ ஆல்டுரா, ஆக்டேவியா காம்பி ஆகியவை நம் நாட்டில் விற்பனையான வேகன்களுள் சில. இவை எதுவும் பெரும் எண்ணிக்கையில் விற்கவில்லை. ஆகவே பழைய வேகன் மலிவாகக் கிடைக்கிறது. அதே காரணத்தால் அதன் பின்கதவு, பின்கண்ணாடி, பின்விளக்கு போன்ற தனிப்பட்ட பாகங்கள் எளிதில் கிடைப்பதில்லை. எஞ்சின் பாகங்கள் பெரும்பாலும் அதே பெயருள்ள செடானுக்கும் பொதுவானவை என்பது ஆறுதல்.

டர்போவின் தன்மை

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. சிறிய எஞ்சினும் கூடுதல் ஆற்றல் தருவது இதனால்தான். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாத வண்டியில் முதலில் தேய்வது டர்போதான்.

ஆகவே வாங்குவோர் மூன்றை வற்புறுத்த வேண்டும். முதலாவது, எண்ணெய் மாற்றிய பட்டியல்களும் டைமிங் பெல்ட் மாற்றிய சான்றும். பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினே பாழாகும் வண்டிகள் பல. இரண்டாவது, குளிர்ந்த நிலையில் எஞ்சினைத் தொடங்கிப் பார்த்தல். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகக் கூறுங்கள். நீலநிறப் புகை எண்ணெய் எரிவதைக் குறிக்கும். வேகம் கூட்டும்போது புதிதாக எழும் கூரிய ஊளை தண்டின் தேய்மானத்தைக் குறிக்கலாம். மூன்றாவது, நீங்கள் அமர்த்திய மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தல். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தாலோ, தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ, டர்போ மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

இச்செலவைக் காப்பீடு ஏற்காது. மோட்டார் காப்பீடு விபத்து, திருட்டு போன்றவற்றுக்கானது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் அடங்கா.

ஆவணங்கள்

டெல்லியில் அந்த வண்டி மலிவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. தலைநகர்ப் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் கட்டுப்படுத்தும் ஆணைகளை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பின்னர் நடைமுறையில் மாற்றங்கள் வந்துள்ளதால், வாங்கும் நாளில் நிலவும் விதியைக் கேட்டறிவது நல்லது. வேறு மாநிலத்துக்குக் கொண்டுவர, பதிவு செய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்குரியது படிவம் 28. புதிய மாநிலத்தில் சாலை வரியும் செலுத்த வேண்டும். தனியார் காரின் முதல் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கலாம். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 ஆகியவை தேவை. பழைய கடன் பதிவேட்டில் நின்றால், கடன் தந்த நிறுவனம் கையொப்பமிட்ட படிவம் 35ஐக் கொண்டு அதை நீக்க வேண்டும். கடன் தீர்ந்தது என்ற வாய்மொழி போதாது. காப்பீட்டையும் 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவரின் கோராமைச் சலுகை அவருடையது, வண்டியுடன் வாராது.

விற்பவருக்கும் ஒரு சொல். பலர் கை மாறியும் பெயர் மாற்றப்படாத வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பணம் பெற்றதுடன் கடமை முடிந்தது எனக் கருத வேண்டாம்.

கணக்கு

வண்டியின் வயது மிகுந்தால், அதை ஈடாகக் கொண்டு கடன் தர வங்கிகள் தயங்கும். அப்போது பலர் தனிநபர் கடனை நாடுகின்றனர். இரண்டு லட்சம் ரூபாயை 14 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 6,835 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 46,000 ரூபாய். அம்மூன்றாண்டில் வண்டியின் மதிப்பு குறைந்துகொண்டே செல்லும். எனவே கைவசம் உள்ள தொகை மூன்று லட்சமானால், இரண்டு லட்சத்துக்கு மேற்படாத வண்டியைத் தேடுங்கள். எஞ்சிய ஒரு லட்சம் முதலாண்டுப் பழுதுபார்ப்புக்கு உரியது. அவசரத் தேவைக்கான வைப்புத்தொகையை இக்கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நம் வாடிக்கையாளர் முன்பணம் தராமல், டெல்லியில் உள்ள உறவினர் வழியாக வண்டியைச் சோதித்தார். காற்றுக் குழாயில் எண்ணெய் இருந்தது. பதிவேட்டில் பழைய கடனும் நீக்கப்படாமல் நின்றது. விற்பவரிடம் அதற்கான சான்று இல்லை. ஒரு மாதம் காத்திருந்து, அவர் அந்த வண்டியைக் கைவிட்டார். பின்னர் புனேயிலேயே பதிவான, ஒரே உரிமையாளர் வைத்திருந்த பத்தாண்டுப் பழைய இண்டிகோ மரீனா டீசல் டர்போ வண்டியைத் தம் சேமிப்புக் கணக்கிலிருந்த பணத்திலேயே வாங்கினார். ஆறு மாதம் கழித்துத் தந்தையாருக்கு அறுவை சிகிச்சை நேர்ந்தது. வைப்புத்தொகை அப்போது அப்படியே இருந்தது. மருத்துவமனையிலிருந்து அவரை வீட்டுக்கு அழைத்து வந்ததும் அந்த வண்டிதான்.