நாவுக்கரசரும் ஆளுதல் என்னும் சொல்லும்

சித்திரை மாதச் சதய நட்சத்திரத்தில் சைவ ஆலயங்கள் தோறும் திருநாவுக்கரசு நாயனாரின் குருபூசை நடைபெறுகின்றது. நாவுக்கரசர் என்னும் பெயரை அன்றாடம் உச்சரிக்கும் அடியார்கள் பலர். அப்பெயரின் பொருளை நின்று நோக்குவோர் சிலரே. நாவுக்கு அரசர் என்பவர் யார்? இனிமையாகப் பாடவும் அழகாகப் பேசவும் வல்லவரா? அல்லது நாவைத் தமது ஆணைக்குள் அடக்கி வைத்திருப்பவரா?

தமிழில் இவ்விரண்டு கருத்தையும் ஆளுதல் என்னும் ஒரே சொல் சுமந்து நிற்கின்றது. நாட்டை ஆள்பவன் அரசன். அவன் செய்வது ஆட்சி. சொற்களை இடமறிந்து வழங்கும் புலவனின் திறமையும் சொல்லாட்சி என்றே பெயர் பெறுகின்றது. கருவியொன்றைப் பழக்கத்தோடு பயன்படுத்துவதைக் கையாளுதல் என்கின்றோம். காணி உறுதியில் ஆட்சி என்று எழுதினால் அது நிலத்தைத் தன்வசம் வைத்து அனுபவிப்பதைக் குறிக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இறைவன் அடியாரை ஏற்றுக்கொள்வதை ஆட்கொள்ளுதல் என்று சைவ மரபு கூறும். அங்கே ஆள்பவன் இறைவன்; ஆளப்படுபவர் அடியார். ஒரு வேரிலிருந்து இத்தனை கிளைகள் பிரிந்திருப்பது தற்செயலாக நேர்ந்தது எனத் தோன்றவில்லை.

திருவிழாக் காலத்தில் தவில் கேட்போருக்கு இது எளிதில் விளங்கும். வலக்கை விரல்களிற் கூடணிந்து, இடக்கையிற் கோல் பிடித்து, மின்னல் வேகத்தில் வாசிப்பவரைக் கண்டு கூட்டம் ஆரவாரிக்கின்றது. ஆயினும் நாதஸ்வரம் இராக ஆலாபனையை விரிக்கும்பொழுது தவில் ஒதுங்கி வழிவிட வேண்டும். இடையிடையே சில சொற்களோடு அமைந்துவிட வேண்டும். கை துடிக்கும், ஆனால் வாசிக்கக்கூடாது. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் (1933–1975) புகழ் ஈழத்தோடு நில்லாது தமிழகம் எங்கும் பரவியது. அவர் வழியில் இன்று தவில் பயிலும் இளைஞர்கள் வேகத்தை விரைவிற் பிடித்துக்கொள்கின்றனர். வாசியாது இருக்கக் கற்பதற்குத்தான் ஆண்டுகள் செல்கின்றன.

நாயனாருக்கும் திறமை முந்தியே வாய்த்தது. ஆட்சி பிந்தியே வந்தது. ஏழாம் நூற்றாண்டில் திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்த மருள்நீக்கியார், சமண நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பட்டத்தோடு அச்சமயத்தாரின் தலைவராக உயர்ந்தார் என்று சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுகின்றார். வாதத்தில் அவரை வெல்வது அரிது. அத்தகையவருக்குச் சூலை நோய் வந்தது. குடரைப் பற்றி முறுக்கிய அந்த நோய்க்குமுன் கற்ற கல்வியும் கைகொடுக்கவில்லை; மந்திரமும் பலிக்கவில்லை. பெருஞ்சபைகளை ஆண்டவரால் தமது வயிற்றை ஆள முடியவில்லை.

இவ்விடத்தில் தமக்கையார் திலகவதியாரை நினையாது அப்பால் செல்லலாகாது. மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் உயிர் துறந்தார் என்று அறிந்ததும் அம்மையாரும் உயிர்விடத் துணிந்தார். தாய் தந்தையரும் இல்லாத நிலையில், தம்பி தனித்துவிடுவானே என்ற ஒரே காரணத்துக்காக அந்த உயிரைத் தாங்கினார். பின்னர் அத்தம்பியும் விட்டுப் போன பிறகு திருவதிகையிலே கோயிலைக் கூட்டினார், மெழுகினார், பூமாலை தொடுத்தார். அவர் சபை ஏறியதாக வரலாறு இல்லை. பட்டம் எதுவும் பெற்றதாகவும் இல்லை. துயரம் தம்மை ஆளவிடாது தாம் துயரத்தை ஆண்டவர் அவர். தருமசேனர் நோய் பொறுக்காமல் ஆளனுப்பியபோது, அம்மடத்துக்குத் தாம் வருவதில்லை என்று மறுத்துச் சொல்லவும் அவரால் இயன்றது. அந்த மறுப்பே தம்பியை இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வரச் செய்தது. தமக்கையார் அளித்த திருநீற்றை அணிந்து சந்நிதியிற் பாடிய பதிகம் நான்காந் திருமுறையின் முதற் பதிகமாக விளங்குகின்றது. சூலை நீங்கியது. நாவுக்கரசு என்னும் பெயர் அங்கே அசரீரியாக எழுந்தது. பல்லாண்டு வாதம் செய்த காலத்தில் கிடைக்காத பெயர், தம்மால் ஆகாது என்று விழுந்து அழுத அன்று கிடைத்தது.

அதன்பின் அவர் பாடியவற்றுள் 312 பதிகங்கள் நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளாக இன்று கிடைக்கின்றன. இவ்வளவு பாடிய நாவுக்கும் ஒரு சோதனை திருமறைக்காட்டில் நேர்ந்தது. வேதாரணியம் என வழங்கும் அத்தலத்தில், வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்ட கதவு திறவாது கிடந்தது. மக்கள் வேறொரு வாயிலால் சென்று வழிபட்டு வந்தனர். அங்கு வந்த திருஞானசம்பந்தர், கதவு திறக்கப் பாடும்படி அப்பரை வேண்டினார். அப்பர் பாடினார். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, பத்துப் பாட்டு. கதவு அசையவில்லை. இறைவனுக்கு இரக்கமே இல்லையோ என்று உள்ளம் நொந்து நிறைவுப் பாட்டைப் பாடிய பின்னரே தாழ் நீங்கியது. தொடர்ந்து கதவு அடைக்கச் சம்பந்தர் பாடினார். முதற் பாட்டிலேயே கதவு அடைத்துக்கொண்டது.

அன்றிரவு திருமடத்தில் அப்பருக்கு மனம் அமைதிகொள்ளவில்லை. தாம் அரிதில் திறந்த கதவு எளிதில் அடைபட்டதை எண்ணி, இறைவன் திருவுளத்தை அறியாது நடந்துவிட்டோமோ என்று அஞ்சினார். சம்பந்தர்மேல் அவருக்குப் பொறாமை எழவில்லை. சம்பந்தர் வயதில் மிக இளையவர். தம்மை அப்பரே என்று அழைத்த பிள்ளை. முதியவருக்கு உண்டான கலக்கம் தம்மைப் பற்றியது. சொல் தம்முடையது, கதவு தம்முடையதன்று என்பதை அந்த இரவு அவருக்கு உணர்த்தியது எனலாம். இறைவன் கனவில் தோன்றித் தாம் வாய்மூரில் இருப்பதாகவும் அங்கு தொடர்ந்து வரும்படியும் பணித்தார். அப்பர் எழுந்து நடந்தார். இறைவன் முன்னே சென்றுகொண்டே இருந்தார். எவ்வளவு விரைந்தும் நாவுக்கு அரசரால் அவரை எட்ட முடியவில்லை.

குருபூசை நாட்களில் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பண்ணிசைப் போட்டி வைப்பது நல்ல வழக்கம். சுருதிக்கும் உச்சரிப்புக்கும் மனனத்துக்கும் புள்ளிகள் உண்டு. அவை வேண்டியனவே, ளகரமும் ழகரமும் மயங்கப் பாடுவதை எவரும் பக்தி என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் நடுவில் அடி மறந்து மேடையில் நின்று அழும் பிள்ளையைப் பெரியவர்கள் கடிந்துகொள்ளுமுன் திருமறைக்காட்டுக் கதவை நினைத்துப் பார்க்கலாம். பத்துப் பாட்டுக்குத் திறவாத கதவின் முன் நின்றவர் நாவுக்கரசர். தோற்ற பிள்ளை மறுவாரம் ஆலயத்தில் தேவாரம் பாடக் கூசுமாயின், அந்தப் போட்டியில் ஏதோ குறை இருக்கின்றது.

நாவை ஆண்ட பெருமான் கையில் ஏந்தியது உழவாரம். புல் செதுக்கும் சிறு கருவி அது. பாடல் கேட்க ஊர் திரண்ட காலத்திலும், முதுமையிலும், கோயில் வீதியிற் புல் செதுக்கும் தொண்டை அவர் விடவில்லை. இறுதிக் காலத்தைக் கழித்த திருப்புகலூரில், உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடந்து ஒளிவிட்டன என்று பெரியபுராணம் கூறும். அவர் வியக்கவில்லை, அஞ்சவுமில்லை. கல்லையும் புல்லையும் அள்ளுவதுபோல உழவாரத்தில் அவற்றை ஏந்தி அருகிருந்த குளத்தில் எறிந்தார். பிறகு குனிந்து புல்லைச் செதுக்கினார்.