வீட்டுக்குள் ஒரு நூலகம்

முன்னுரை

வெள்ளாற்றை அடுத்து வாழும் பெண்ணாடத்து மக்களாகிய நமக்கு 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்னும் பழமொழியை எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்த முன்னறிவு இன்று நம் வீட்டுக் கணினிக்கும் தேவைப்படுகிறது.

சொந்தக் களஞ்சியம்

தாத்தா பாட்டியின் நிழற்படம், அக்காவின் திருமண வீடியோ, பாடக் குறிப்புகள் ஆகியவற்றை நாம் கைபேசியிலோ, எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் கணினியிலோ வைத்திருக்கிறோம். இவற்றை நம் வீட்டிலேயே சேமித்து, வைஃபை வழியாக எல்லா அறைகளிலும் கண்டு மகிழலாம். இதற்குப் பழைய கணினி ஒன்றும், பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றும் போதும். 2018-ஆம் ஆண்டு தோன்றிய 'ஜெல்லிஃபின்' என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. படமும் பாட்டும் வீட்டுக்குள்ளேயே பயணம் செய்வதால், இணையம் துண்டிக்கப்பட்டாலும் தடையின்றிப் பார்க்கலாம். விலை கொடுத்து வாங்கியதையும் நாமே எடுத்ததையும் மட்டுமே அதில் சேர்ப்பது நேர்மை.

பூட்டாத கதவு

பொருளை வீட்டில் வைத்தால் பூட்டும் நம் பொறுப்பே. வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே நிற்கும் வாசற்கதவு மோடம் அல்லது ரவுட்டர் ஆகும். 2016-ஆம் ஆண்டு 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்ட சுமார் 60 பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டுமே முயன்று, உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது. நம் நாட்டிலும் 2017 ஜூலையில், கடவுச்சொல் மாற்றப்படாத பி.எஸ்.என்.எல். மோடங்கள் பல தாக்குதலுக்கு உள்ளாயின. கடவுச்சொல்லை மாற்றுமாறு அந்நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. இரண்டு நிகழ்ச்சிகளிலும் திருடன் பூட்டை உடைக்கவில்லை; எல்லோருக்கும் தெரிந்த சாவியையே பயன்படுத்தினான்.

நாம் செய்ய வேண்டுவன

1. வைஃபை கடவுச்சொல் வேறு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திற்குரிய கடவுச்சொல் வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும். நீளமானதாகவும், நம் பெயரோ பிறந்த நாளோ இல்லாததாகவும் இருத்தல் நலம்.

2. ரவுட்டர், கணினி ஆகியவற்றின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கண்டறியப்பட்ட ஓட்டைகள் அதனால் அடைபடும்.

3. வெளியூரிலிருந்து படம் பார்க்கும் ஆசையில் ரவுட்டரில் வழி திறந்து வைத்தால், அவ்வழியே அந்நியரும் தட்டுவர். தேவைப்பட்டால் 'வயர்கார்டு' போன்ற மறைகுறி வழியை அமைத்துக்கொள்ளலாம்.

4. விருந்தினருக்கும் கேமராவுக்கும் தனி வைஃபை கொடுக்கலாம். திண்ணை வரை வருபவர் பூஜை அறைக்கோ பெட்டகத்திற்கோ வரத் தேவையில்லை அல்லவா?

5. விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பை கை தவறினால் உடையும், வேறொன்று வாங்கலாம். ஹார்டு டிஸ்க் பழுதானால் தாத்தாவின் படத்தை எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

முடிவுரை

தோழியரே, இது அண்ணன் தம்பியரின் வேலை என்று ஒதுங்க வேண்டாம். விழுப்புரத்தில் இயங்கும் குனு லினக்ஸ் பயனர் குழு போன்ற அமைப்புகள் கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்கின்றன. கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி அம்மாவின் பீரோவில் வைப்போம். வீட்டு நினைவுகளின் சாவி வீட்டாரிடமே இருக்கட்டும்!