மேல்சபையும் பஞ்சாயத்து அங்கத்தினரின் ஓட்டும்

சட்டங்கள் தலைநகரில் இயற்றப்படுகின்றன; அவற்றின் பயனையும் பாரத்தையும் அடைவது கிராமம். ஆதலின் சட்டம் இயற்றும் சபைகள் எவ்வாறு அமைகின்றன என்பதைக் கிராமத்தார் அறிந்திருத்தல் அவசியம். சட்டசபைக்கு ஓட்டளிக்கும் முறையைக் குடியானவர் அனைவரும் அறிவர். ஆனால் சில மாநிலங்களில் அச்சபைக்கு மேலாக மற்றொரு சபையும் உண்டு என்பதையும், அதில் ஒரு பெரும் பங்கினைத் தேர்ந்தெடுப்பவர்கள் பஞ்சாயத்து, நகரசபை அங்கத்தினர்களே என்பதையும் பலர் அறியார்.

நம் தமிழ்நாட்டிலும் 1986ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரை மேல்சபை இருந்தது. அதன் 63 இடங்களில் 21 இடங்கள் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு உரியவையாயிருந்தன. இன்று உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலுங்கானா ஆகிய ஆறு மாநிலங்களில் மேல்சபை இருந்து வருகிறது. இவற்றுள் நம் அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் மேல்சபைத் தேர்தலில் ஓட்டு உண்டு. ஆதலின் அம்மாநிலத்தையே உதாரணமாகக் கொண்டு இவ்விஷயத்தை ஆராய்வோம்.

சபையின் அமைப்பு

மேல்சபை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அரசியலமைப்புச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வகுத்துள்ளது. மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கினை ஸ்தல ஸ்தாபனங்களின் அங்கத்தினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மற்றொரு மூன்றில் ஒரு பங்கினைச் சட்டசபை அங்கத்தினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு, பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் கழிந்த பட்டதாரிகளுக்கு உரியது. இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிலையங்களில் மூன்று ஆண்டுகளேனும் பணியாற்றிய ஆசிரியர்களுக்கு உரியது. எஞ்சிய இடங்களுக்கு இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்த அறிவோ அனுபவமோ உடையவர்களைக் கவர்னர் நியமிப்பார்.

கர்நாடக மேல்சபையில் 75 இடங்கள் உள்ளன. அவற்றுள் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு 25, சட்டசபை அங்கத்தினர்களுக்கு 25, பட்டதாரிகளுக்கு 7, ஆசிரியர்களுக்கு 7, நியமனத்திற்கு 11 என்பது இன்றைய பங்கீடு.

தொகுதிகள்

சட்டசபைத் தொகுதி ஒரு நிலப்பரப்பையும், அதில் வாழும் வயது வந்தோர் அனைவரையும் கொண்டது. மேல்சபைத் தொகுதி அவ்வாறானதன்று. ஒரே ஊர் பட்டதாரிகள் தொகுதி, ஆசிரியர்கள் தொகுதி, ஸ்தல ஸ்தாபனங்கள் தொகுதி ஆகிய மூன்றிலும் அடங்கியிருக்கும். ஆனால் ஒவ்வொன்றிற்கும் ஓட்டர் ஜாபிதா வேறு.

கர்நாடகத்தில் ஸ்தல ஸ்தாபனங்களின் 25 இடங்களும் 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பெல்காம், பிஜப்பூர், தார்வார், தென் கன்னடம், மைசூர் ஆகிய ஐந்தும் இரண்டு அங்கத்தினர்களை அனுப்பும் தொகுதிகள். ஏனைய பதினைந்தும் ஒருவரை அனுப்புபவை. பின்னாளில் ஜில்லாக்கள் பிரிந்த போதிலும் இத்தொகுதிகள் பழைய ஜில்லாக்களின் எல்லையையே பெரிதும் தழுவி நிற்கின்றன. உதாரணமாக, கதக், ஹாவேரி ஜில்லாக்களின் பஞ்சாயத்தார் தார்வார்த் தொகுதியிலும், உடுப்பி ஜில்லாவினர் தென் கன்னடத் தொகுதியிலும் ஓட்டளிக்கின்றனர்.

மேல்சபை ஒருபோதும் முழுமையாகக் கலைக்கப்படுவதில்லை. அங்கத்தினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை சுமார் மூன்றில் ஒரு பங்கினர் விலகுவார்கள். கர்நாடகத்தில் ஸ்தல ஸ்தாபனங்களின் 25 இடங்களுக்கும் சேர்ந்தாற்போல் 2015ஆம் ஆண்டு டிசம்பரிலும், பின்னர் 2021ஆம் ஆண்டு டிசம்பரிலும் தேர்தல் நடைபெற்றது. கிராமப் பஞ்சாயத்தின் ஆயுளோ ஐந்து ஆண்டுகள். ஆகவே ஒரு பஞ்சாயத்து அங்கத்தினருக்குத் தம் பதவிக்காலத்தில் இந்த ஓட்டு ஒரு முறை கிட்டலாம். ஒரு முறையேனும் கிட்டாமலும் போகலாம். இத்துணை அரிதான ஓட்டினை அறியாமையால் வீணாக்குதல் தகுமா?

ஓட்டளிக்கும் முறை

இத்தேர்தலில் முத்திரை குத்துவதில்லை. தாம் முதலாவதாக விரும்பும் அபேட்சகரின் பெயருக்கு எதிரே 1 என்ற இலக்கத்தை எழுத வேண்டும். அடுத்தடுத்து விரும்புபவர்களுக்கு 2, 3 என எழுதலாம். 1 எழுதப்படாத சீட்டும், இருவருக்கு 1 எழுதப்பட்ட சீட்டும் செல்லாதவை. இலக்கமாகவே எழுத வேண்டும்; "ஒன்று" என்று எழுத்தால் எழுதுதல் கூடாது. கையெழுத்திட்டாலும் ஓட்டு செல்லாது.

எண்ணும் முறையை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்குவோம். ஓரிடம் உள்ள தொகுதியில் 1,000 செல்லத்தக்க ஓட்டுகள் பதிவாயின என்று கொள்வோம். வெற்றிக்குப் பாதிக்கு மேல் ஒன்று, அதாவது 501 தேவை. அ என்பவருக்கு 420, ஆ என்பவருக்கு 310, இ என்பவருக்கு 170, ஈ என்பவருக்கு 100 முதல் விருப்ப ஓட்டுகள் கிடைத்தன. ஒருவரும் 501 பெறவில்லை. எனவே கடைசியில் நிற்கும் ஈ நீக்கப்படுகிறார். அவருடைய 100 சீட்டுகளில் இரண்டாம் விருப்பம் அ-வுக்கு 20, ஆ-வுக்கு 60, இ-க்கு 10. எஞ்சிய 10 சீட்டுகளில் 2 எழுதப்படவே இல்லை. இப்போது அ 440, ஆ 370, இ 180. அடுத்து இ நீக்கப்படுகிறார். அவரிடமிருந்த 180 சீட்டுகளில் 20 அ-வுக்கும், 140 ஆ-வுக்கும் செல்கின்றன. 20 சீட்டுகளில் அடுத்த விருப்பம் இல்லை. முடிவில் அ 460, ஆ 510. முதற்கணக்கில் பின்தங்கியிருந்த ஆ வெற்றி பெறுகிறார். அடுத்த விருப்பம் எழுதாத அந்த 30 பேருக்கும் இறுதி முடிவில் பங்கில்லாமற் போயிற்று.

2 என்று எழுதுவதால் தாம் 1 எழுதியவருக்குத் தீங்கு நேருமோ என்று சிலர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் வேண்டுவதில்லை. ஓரிடத் தொகுதியில் 1 பெற்றவர் நீக்கப்பட்ட பின்னரே அச்சீட்டில் உள்ள 2 பார்க்கப்படும். இரண்டு இடங்கள் உள்ள தொகுதியிலும் ஓட்டு ஒன்றே. அங்கே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட ஓட்டுகள் பெற்றவர் வெற்றியடைவார். அவருக்குத் தேவைக்கு மிஞ்சிய ஓட்டின் மதிப்பு அடுத்த விருப்பத்தினருக்கு மாற்றப்படும்.

தேர்தல் தவறினால்

மேல்சபை மந்திரி சபையைக் கவிழ்க்க இயலாது. பண மசோதாவை 14 நாட்களுக்குள் திருப்பியனுப்ப வேண்டும். பிற மசோதாக்களை முதலில் மூன்று மாதங்களும், சட்டசபை மீண்டும் நிறைவேற்றினால் ஒரு மாதமும் மட்டுமே தாமதப்படுத்தலாம். எனினும் மசோதாவை ஆராயவும், திருத்தம் கூறவும், கிராமத்தின் குறையை மந்திரிகளிடம் கேள்வியாக எழுப்பவும் அச்சபைக்கு உரிமை உண்டு. பஞ்சாயத்துகளின் ஓட்டினால் சென்றவர் அங்கே பஞ்சாயத்துகளுக்காகப் பேசக் கடமைப்பட்டவர்.

இவ்வுரிமைக்கு அடிப்படை, பஞ்சாயத்துத் தேர்தல்கள் காலந்தவறாது நடைபெறுதலேயாகும். ஒரு தொகுதியில் நூற்றுக்கு 75 ஸ்தல ஸ்தாபனங்களேனும் இயங்கி, ஓட்டர்களில் நூற்றுக்கு 75 பேரேனும் பதவியில் இருந்தாலன்றித் தேர்தல் கமிஷன் அங்கே மேல்சபைத் தேர்தலை நடத்துவதில்லை. மகாராஷ்டிர மேல்சபையில் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு 22 இடங்கள் உண்டு. அங்கே ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்கள் தாமதமானமையால், 2022ஆம் ஆண்டில் காலியான பல இடங்கள் உரிய காலத்தில் நிரப்பப்படவில்லை. கிராமத்தில் நாற்காலி காலியானால் தலைநகரிலும் நாற்காலி காலியாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பஞ்சாயத்து அங்கத்தினரின் மேல்சபை ஓட்டு அவருடைய சொந்த உடைமையன்று. ஊரார் தம் ஓட்டினால் அவரிடம் ஒப்படைத்த பொறுப்பு அது. அதனைப் பணத்திற்கோ பரிசிற்கோ விற்பது சட்டப்படி குற்றம். ஊராருக்குச் செய்யும் துரோகமுமாகும். மேல்சபை உள்ள இடங்களில் அங்கத்தினர்கள் ஓட்டளிக்கச் செல்லுமுன் ஊராரைக் கூட்டி, தம் கிராமத்திற்கு வேண்டுவது யாது என்று கேட்டறிந்து செல்வார்களாக. மேல்சபை இல்லாத இடங்களிலும் பாடம் ஒன்றே: ஊர் மன்றத்தின் தேர்தல் உரிய காலத்தில் நடந்தால்தான் ஊரின் குரல் உயர்ந்த சபைகளை எட்டும்.