ஒரு மருந்தை நம்பிய பங்கு: நார்கோலெப்சி காட்டும் கணக்கு

மருந்து நிறுவனப் பங்குகளை வாங்க விரும்புவோர் பலரும் கூறும் காரணம் ஒன்றுண்டு: நோய் இருக்கும் வரை மருந்தும் விற்கும். இக்கூற்றை நம்பி, பணிக்கொடையாகக் கிடைத்த தொகையின் பெரும்பகுதியை ஒரே நிறுவனத்தில் இட முனைவோரும் உளர். நோய் நிலைத்திருக்கலாம், அந்நோய்க்கென இன்று விற்கப்படும் மருந்து நிலைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. அதனை ஆராய, நார்கோலெப்சி என்னும் அரிய தூக்க நோயை எடுத்துக்கொள்வோம்.

இந்நோயாளர் பகலில் அடக்கவியலாத தூக்கத்திற்கு ஆட்படுவர். சிலருக்குச் சிரிப்போ வியப்போ மேலிடும்போது தசைகள் திடீரெனத் தளர்ந்து, நினைவு தவறாமலே உடல் சரியும். 1880ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ இதற்குப் பெயர் சூட்டினார். காரணம் புலப்பட மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. மூளையில் விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் என்ற பொருள் 1998இல் கண்டறியப்பட்டது. அதனைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துபோவதே இந்நோயின் முதன்மை வகைக்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று.

நோயாளர் குறைவு, எனில் வருவாய் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் 1983இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, 2 லட்சம் பேருக்குக் குறைவானோரைப் பாதிக்கும் நோய்க்கான மருந்துக்கு 7 ஆண்டுத் தனியுரிமை வழங்குகிறது. போட்டி இல்லாத இடத்தில் விலையை நிறுவனமே தீர்மானிக்கிறது. ஆயுள் முழுதும் உட்கொள்ள வேண்டிய மருந்து என்பதால் வருவாயும் ஆண்டுதோறும் தொடர்கிறது. ஆனால் அத்தனையும் ஒரே தூணின் மேல் நிற்கும் மாளிகை.

ஜாஸ் பார்மசூட்டிகல்ஸ் நிறுவனத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சோடியம் ஆக்சிபேட் என்ற மருந்து, ஜைரம் என்னும் பெயரில் 2002இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதனைத் தயாரித்த நிறுவனத்தை ஜாஸ் 2005இல் வாங்கியது. 2007இல் ஜாஸ் தன் பங்குகளை 18 டாலர் வீதம் பொதுமக்களுக்கு விற்றது. அடுத்த ஆண்டுகளில் கடன் சுமை நெருக்க, 2009இன் தொடக்கத்தில் அப்பங்கு 1 டாலருக்கும் கீழே சரிந்தது. தொடக்கத்தில் இட்ட 1,00,000 ரூபாய், டாலர் மதிப்பு மாறவில்லை எனக் கொண்டால், 5,500 ரூபாய் அளவுக்கு அல்லது அதற்கும் கீழே இறங்கியிருக்கும். பின்னர் 2013 முடிவதற்குள் அதே பங்கு 100 டாலரைக் கடந்தது. இந்த ஏற்றத்தை மட்டும் எடுத்துக் கூறுவோர் மிகுதி. 2009இல் மகளின் திருமணத்திற்கோ மருத்துவமனைச் செலவிற்கோ பணம் தேவைப்பட்டு விற்றவருக்கு 2013இன் விலையால் என்ன பயன்?

2020இல் ஜைரம் சுமார் 174 கோடி டாலருக்கு விற்றது. நிறுவனத்தின் மொத்த வருவாயில் அது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. 2023இன் தொடக்கத்தில் ஒப்பந்தப்படி போட்டி மருந்து சந்தைக்கு வந்தது. அவ்வாண்டு ஜைரம் விற்பனை சுமார் 57 கோடி டாலராகச் சுருங்கியது. நிறுவனம் வீழவில்லை. சோடியத்தைப் பெரிதும் குறைத்த ஜைவாவ் என்ற மருந்துக்கு 2020லேயே அனுமதி பெற்று, நோயாளரை அதற்கு மாற்றிவந்தது. 2023இல் அது சுமார் 127 கோடி டாலர் ஈட்டியது. பழைய தூண் சாயுமுன் புதிய தூணை நட்டனர். ஆண்டறிக்கையில் இலாபத்தைத் தேடுமுன் இந்த ஏற்பாட்டைத் தேடுக: முதன்மை மருந்தின் பங்கு எவ்வளவு, காப்புரிமை எந்த ஆண்டில் முடிகிறது, அதற்குப்பின் வருவது எது.

காப்புரிமையை நீட்டிக்க எல்லா வழிகளும் நேரானவையும் அல்ல. மோடாபினில் மருந்தை விற்ற செபலான் நிறுவனம், போட்டி மருந்து தயாரிக்க முனைந்த நான்கு நிறுவனங்களுடன் 2005-06இல் உடன்பாடு செய்து, 2012 வரை அவற்றின் வரவைத் தள்ளிவைத்தது. அந்நால்வருள் நம் நாட்டின் ரான்பாக்ஸியும் ஒன்று. அமெரிக்க வணிகப் போட்டி ஆணையம் 2008இல் வழக்குத் தொடுத்தது. இதற்கிடையே செபலானை வாங்கியிருந்த தேவா நிறுவனம் 2015இல் 120 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்திய மருந்துப் பங்குகளை ஏற்கெனவே வைத்திருப்போர் ஒன்றைக் கருதுக: காப்புரிமை முடியும் நாள் ஒருவருக்கு இழப்பு, பொதுப்பெயர் மருந்து தயாரிக்கும் நம் நிறுவனங்களுக்கு வாய்ப்பு. அறியாமலே நீங்கள் அந்த நிகழ்வின் மறுபக்கத்தில் நிற்கக்கூடும்.

இனி வரவிருப்பது ஒரெக்சினின் பணியையே செய்யும் மருந்துகள். ஜப்பானின் டகேடா நிறுவனம் இவ்வகையில் சோதித்த முதல் மாத்திரையை, கல்லீரல் பாதிப்பு தென்பட்டதால் 2021 அக்டோபரில் நிறுத்த நேர்ந்தது. அதே நிறுவனத்தின் மற்றொரு மாத்திரையான ஓவபோரெக்ஸ்டன், 2025இல் இரு இறுதிக்கட்டச் சோதனைகளில் வெற்றி கண்டது. டகேடாவிடம் வேறு மருந்துகள் பல இருந்தமையால் முதல் தோல்வியைத் தாங்க முடிந்தது. அந்த ஒரு மாத்திரையை மட்டும் கையில் வைத்திருந்த சிறு நிறுவனம் ஒன்றை எண்ணிப் பார்க்க. பழைய மருந்துகளை விற்போருக்கோ ஓவபோரெக்ஸ்டனின் வெற்றியே அச்சுறுத்தல்.

இத்தகைய பங்கில் இடுவதாயின், முழுதும் இழந்தாலும் இல்லம் தடுமாறாத தொகையாக அது இருக்கட்டும். எம் கருத்தில் மொத்தச் சேமிப்பில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் வேண்டா. பல மருந்து நிறுவனங்களைத் தொகுத்து வைத்திருக்கும் நிதியம் இதனினும் ஏற்றது.

வெளிநாட்டுப் பங்கு வாங்க, ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைக் கடக்கும் முதலீட்டுத் தொகைக்கு 20 விழுக்காடு வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். அது கணக்குத் தாக்கலில் சரிக்கட்டப்படும். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்கும் இலாபத்திற்கு 12.5 விழுக்காடு வரி. வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்குரிய அட்டவணையையும் நிரப்புதல் கட்டாயம். அவ்வட்டவணை நம் நிதியாண்டின்படி அன்றி, டிசம்பர் 31இல் முடியும் ஆண்டின்படி விவரம் கேட்பதால், தரகரின் அறிக்கையை ஜனவரியிலேயே பெற்று வைத்துக்கொள்க.